கோயில் மாத்திரை

நீ நடுவுலயே உக்காருத்தா. எந்திரிக்க வேணாம். ஜன்னலோரம் தலையச் சாச்சுக் கெடக்காளே, அவ என் மருமகதான். நான் பக்கத்துல உக்காந்தா அவளுக்கு மூச்சு முட்டுதாம். நடுவுல ஒரு ஆளு இருந்தா அவளுக்கும் நிம்மதி, எனக்கும் கால நீட்டிக்கிறலாம். நீ எது வரைக்கும் போற? சிவகங்கையா? நாங்க அதுக்கு முன்னாடியே எறங்கிருவோம். நல்லூரணி விலக்கு.

சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. மாமியா மருமகன்னாலே சண்டைதான்னு நெனச்சுக்கிறீக. எங்க தெருவுல வந்து கேட்டுப் பாரு, இருளாயி மருமகள எப்படி வெச்சிருக்கான்னு. வந்த மறுநாளே பீரோ சாவிய அவ கையில குடுத்துட்டேன். மக இல்லாத வீடு. அவள மகளாத்தான் வெச்சிருக்கேன். இப்பக்கூட பாரு, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வர்றோம், அவளுக்கு இட்லி வாங்கிக் குடுத்துட்டு நான் ஒரு டீயோட வந்துட்டேன். அவ அதையும் திங்கல. பையிலதான் இருக்கு.

பேரு நாகஜோதி. நாங்க சோதிம்போம். பன்னெண்டாவது வரைக்கும் படிச்ச புள்ள. என் மகன் கார்மேகம் டைல்ஸ் ஒட்டுற வேலைக்குப் போறான். மித்ரான்னு ஒரு பேத்தி, ஒண்ணாப்பு. என் வீட்டுக்காரரு போயிச் சேந்து ரொம்ப நாளாச்சு. அம்புட்டுத்தான் குடும்பம்.

உடம்புக்கு என்னன்னு கேக்குற. எப்படிச் சொல்றது. நீயும் பொம்பளப் புள்ளதான, சொல்லலாம். மாசாமாசம் நாம வீட்டுக்குத் தூரமாகுறோம்ல, அது வர்றதுக்கு முன்னாடி ஒரு வாரம், பத்து நாளு, இவ இவளா இருக்க மாட்டா. அது என்ன, எல்லாருக்கும்தான் எரிச்சலா வரும், எனக்கும் அந்த வயசுல இடுப்பு கழண்டு விழுகுற மாதிரி இருக்கும், அதோட போயி நாத்து நட்டுட்டு வந்திருக்கேன். மொதல்ல நானும் இப்படித்தான் அவகிட்டச் சொன்னேன். பொம்பளையாப் பொறந்த எல்லாருக்கும் வர்றதுதான், உனக்கு மட்டும் என்ன கொம்பாடின்னு கேட்டேன்.

ஆனா இது அது இல்லத்தா. நான் கண்ணால பாத்தேன். கரண்டி கீழ விழுந்தா காதப் பொத்திக்கிட்டு உக்காந்துருவா. குழம்புல உப்பு தூக்கலா இருக்குன்னு கார்மேகம் வாயத் தொறந்துட்டான்னா, சட்டியோட கொண்டுபோயி மாட்டுத்தொட்டியில கவுத்திருவா. அப்புறம் அந்தத் தொட்டிகிட்டயே உக்காந்து அழுவா. யாரும் அடிக்கல, வையல, ஆனா அழுக நிக்காது. புள்ள பக்கத்துல போனா, போயிரு மித்ரா, அம்மா நல்லவ இல்லன்னு சொல்லுவா. ஒரு நாளு என்கிட்ட சொல்றா, அத்தே, நான் இல்லாட்டி நீங்க மூணு பேரும் நல்லா இருப்பீகன்னு. காய் நறுக்கிக்கிட்டே சொல்றா. இன்னைக்கு வெண்டக்காய் முத்தல்னு சொல்ற மாதிரி சொல்றா. நான் அருவாமனைய வாங்கி என் பக்கம் வெச்சுக்கிட்டேன்.

அப்புறம் ஒரு நாளு வெள்ளன எந்திரிச்சு, பொறவாசல்ல தலைக்கு ஊத்திக்கிட்டு நிப்பா. வந்துருச்சுன்னு அர்த்தம். அந்த நிமிசம் அவ மொகமே வேற. ஈரத் தலையத் துண்டால சுத்திக்கிட்டு, அத்தே, காபி நீங்க போடுறீகளா நான் போடவான்னு கேட்டுச் சிரிப்பா. தெத்துப்பல்லு தெரியச் சிரிப்பா. முந்தா நாளு தொட்டியில கவுத்தவளா இவன்னு இருக்கும். மத்தவளுக்கெல்லாம் அது வந்தா வலி. இவளுக்கு அது வந்தாத்தான் விடுதலை.

ஆமாமா, கோடாங்கிகிட்டயும் போனோம். போகாம இருப்பமா? உடுக்கடிச்சுப் பாத்துட்டு, கெணத்தடியில ஏதோ புடிச்சிருக்குன்னாரு. கருப்புச் சேவல் கேட்டாரு, குடுத்தோம். மறுநாளே இவ சிரிச்சா. எனக்கு ஒரே பெருமை. கோடாங்கிக்கு வேட்டி துண்டுகூட எடுத்துக் குடுத்தேன். அடுத்த மாசம் பழையபடி குழம்புச் சட்டி தொட்டிக்குப் போச்சு. அப்பத்தான் தெரிஞ்சுச்சு, சேவலுக்கும் சிரிப்புக்கும் சம்பந்தமில்ல, சேவல் அறுத்த மறுநாளு இவ தூரமாயிருக்கா. வீணா ஒரு சேவலு போச்சு. நல்லா முட்டைக்கு நின்ன கோழிகளெல்லாம் சேவலு இல்லாம அலைஞ்சுச்சு.

இதக் கண்டுபுடிச்சவளும் அவதான். படிச்ச புள்ளதான. அவளே ஒரு நாளு உக்காந்து சொன்னா. அத்தே, இது பேயும் இல்ல, என் கொணமும் இல்ல, அது வர்றதுக்கு முன்னாடிதான் இப்படி ஆகுது, வந்ததும் போயிருது, நீங்களே பாருங்கன்னா. ரெண்டு மூணு மாசம் பாத்தேன். அச்சு மாறாம அப்படியேதான். கார்மேகம் போன வருசம் கூட்டிக்கிட்டுப் போயி ஒரு டாக்டரம்மாகிட்ட காட்டுனான். நானும் போனேன். அந்தம்மா நல்லா விளங்கச் சொன்னாக. இது நடிப்பு இல்லம்மா, திமிரும் இல்ல. அந்த நாளு வர்றதுக்கு முன்னாடி உடம்புக்குள்ள ஒரு மாத்தம் நடக்குது, அது எல்லாருக்கும் நடக்குறதுதான், ஆனா சில பேரோட மூளைக்கு அது ஒத்துக்கிறாது. சக்கர வியாதி மாதிரி இதுவும் ஒரு வியாதி. வைத்தியம் இருக்கு. வீட்டுல இருக்குறவுக அவள அந்த நாள்ல விட்டுக் குடுத்துப் போகணும், நல்லா ஒறங்க விடணும், எந்தப் பெரிய முடிவும் அப்ப எடுக்க விடாதீக. கொஞ்ச மாசம் பாத்துட்டு வாங்க, தேவைன்னா மாத்திரை ஆரம்பிக்கலாம்னாக. நான் கேட்டேன், ஏம்மா, இத முன்னாடியே யாராச்சும் சொல்லியிருந்தா ஒரு சேவலு மிஞ்சியிருக்குமேன்னு. டாக்டரம்மா சிரிச்சுட்டாக.

அதுக்கப்புறம் எங்க வீட்டுல ஒரு பழக்கம் வந்துச்சு. அவளுக்கு அந்த நாளுக ஆரம்பிச்சா கண்ணாடி வளையலக் கழட்டி, மொகம் பாக்குற கண்ணாடி பக்கத்துல இருக்குற ஆணியில மாட்டிருவா. வளையல் சத்தமே அவளுக்கு ஆகாதாம், மண்டைக்குள்ள கொட்டுற மாதிரி இருக்குமாம். ஆணியில வளையலப் பாத்துட்டா நாங்க புரிஞ்சுக்கிருவோம். அடுப்படி என்கிட்ட வந்துரும். மித்ரா என்கூடப் படுத்துக்கிருவா. கார்மேகம் உப்பு இல்லாட்டியும் உப்பு இருக்குங்குற மாதிரி திம்பான். டிவிய ஊமையா வெச்சுத்தான் பாப்போம். நாடகத்துல என்னத்துக்கு அழுகுறாகன்னே தெரியாம நானும் பாப்பேன். சாயங்காலம் அவளக் கூட்டிக்கிட்டு கம்மாக்கரையில நடப்பேன், அவ பத்தடி முன்னாடி, நான் பின்னாடி. அப்புறம் ஒரு நாளு காலைல வளையல் ஆணியில இருக்காது. கையில கெடக்கும். மித்ரா ஓடிவந்து சொல்லுவா, அப்பத்தா, அம்மா வளையலப் போட்டுருச்சுன்னு. அன்னைக்கு வீட்டுல பொங்கல்தான். கஷ்டந்தான், ஆனா ஒரு கரை தெரிஞ்சுச்சு. இன்னைக்கில்லாட்டி நாளைக்கு வளையலப் போட்டுருவான்னு தெரிஞ்சா மனுசன் எதையும் தாங்கிக்கிருவான்.

இந்தத் தடவதான் கரையே தெரியல. ரெண்டு மாசமாகப் போகுது. வளையல் ஆணியிலயேதான் கெடக்கு. தூசி படிஞ்சு போச்சுத்தா.

எதனாலன்னா கேக்குற? அதத்தான் நானும் ஆத்தாகிட்டக் கேட்டுக்கிட்டு இருக்கேன். எங்க முத்துமாரிகிட்ட. இந்த வருசம் அவளுக்குத் திருவிழா. எங்க ஊருல வருசாவருசம் நடக்காது, வானம் பேஞ்சு, ஊரு ஒத்துமையா இருந்தாத்தான் நடக்கும். முளைப்பாரி தெரியுமில்ல? இருட்டு ரூமுல சட்டியில எருவும் வைக்கலும் போட்டு, நவதானியத்த முளைக்கப் போட்டு, சாம்பிராணி காட்டி, தெனம் கும்மி கொட்டி வளப்போம். கடைசி நாளு பொம்பளைக தலையில தூக்கிட்டுப் போயி ஊரணியில கரைப்பாக. அதுல முன்னாடி போற பாரி எங்க வீட்டுப் பாரி. எங்க வீட்டு மூத்த மருமகதான் தூக்கணும். நான் தூக்கியிருக்கேன். எங்க மாமியா தூக்குனாக. இப்ப சோதி. இவ தூக்காட்டி என் ஓரகத்தி வீட்டுக்குப் போயிரும், அவ அதுக்குத்தான் வாயத் தொறந்துக்கிட்டு நிக்கிறா. ஆனா நான் அதுக்காகச் சொல்லல. நான் ஆத்தாகிட்ட வேண்டிருக்கேன். சோதிக்கு இந்த நோய அடியோட எடுத்துரு, அவ கையாலயே உனக்குப் பாரி எடுக்க வெக்கிறேன்னு. அவளுக்காகத்தான்த்தா. என் பெருமைக்கா?

அந்த ரூமுக்குள்ள தூரமான பொம்பளைக காலு வெக்கக்கூடாது. நெழலு பட்டாலே முளை கருகிரும்பாக. பங்குனியில சாமி சாட்டி, திருவிழாவ ஆரம்பிக்கப் போறாகன்னு பேச்சு வந்ததும் நான் விரல விட்டுப் பாத்தேன். சரியா அந்த வாரம்தான் இவளுக்கு வரும். சரி, இதுக்கென்ன, எல்லாரும் செய்யிறதுதான்னு டவுனுல மெடிக்கல்ல போயி மாத்திரை வாங்கியாந்தேன். அந்தத் தள்ளிப்போடுற மாத்திரதான். எங்க பக்கம் கோயில் மாத்திரைன்னு கேட்டாலே பேப்பர்ல சுத்திக் குடுத்துருவாக. கல்யாணம், கெடாவெட்டு, சபரிமலைக்கு வீட்டுக்காரரு மால போட்டுருக்காருன்னு எத்தன பேரு போடுறாக. காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு. நிறுத்துனா ரெண்டு மூணு நாளுல வந்துரும். நான் கையிலேயே குடுத்து, தண்ணியும் குடுத்து, முழுங்குறாளான்னு நின்னு பாத்துட்டுத்தான் போவேன். அந்த விசயத்துல நான் பிசகுனதே இல்ல.

அப்ப அவ வளையலக் கழட்டி ரெண்டு மூணு நாளு ஆயிருந்துச்சு. வழக்கம் போலத்தானன்னு இருந்தோம். சாமி சாட்டுறதுக்கு முன்னாடி நாளு மேலத்தெருவுல ஒரு பெரியவரு செத்துப்போனாரு. சாவு விழுந்தா அந்தத் தீட்டுக் கழியணும்ல, அடுத்த மாசத்துக்குத் தள்ளி வெச்சாக. மாத்திரைய நிறுத்துனா வந்துரும், வந்தா அடுத்தது சரியா மறு தேதியில வந்து நிக்குமேன்னு இன்னும் பத்து அட்டை வாங்குனேன். அந்தத் தேதி வந்துச்சு. மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் யாரு மொதல்ல தேங்கா ஒடைக்கிறதுன்னு தகராறு. இத்தனை வருசமா ஒடச்ச தேங்காயில யாருக்கு என்ன கொறஞ்சு போச்சோ. தாலுகா ஆபீசுல கூப்புட்டுப் பேசுனாக. ஒரு நாள்ல முடியும்னாக, முடியல. நாளைக்கு, நாளன்னைக்குன்னு இழுத்துச்சு. நாங்க மாத்திரைய விடல. எப்ப சாட்டுவாகன்னு தெரியாதப்ப எப்படி விடுறது? ஆம்பளைக தேங்காய்க்கு சண்ட போடுறாக, இவ இங்க மாத்திரைய முழுங்கிக்கிட்டு கெடக்கா.

ஒரு கட்டத்துல அவ மாட்டேன்னுட்டா. அத்தே, அது வந்தாத்தான் எனக்கு விடும், வரவிடுங்கன்னா. அழுகல, கத்தல, கையெடுத்துக் கும்பிட்டா. எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. கார்மேகங்கூட, யம்மா, பேசாம பாரிய சித்தி வீட்டுக்கே குடுத்துருவோம்னான். நான் ரெண்டு பேரையும் அதட்டுனேன். டாக்டரம்மாவே சொல்லியிருக்காக, இந்த நாள்ல இவ சொல்றத வெச்சு எந்த முடிவும் எடுக்கக் கூடாதுன்னு. இவ நல்லா இருக்கையில வேணாம்னு சொன்னா கேக்கலாம். இப்ப சொல்றது இவளா சொல்றா? நோய்தான சொல்லுது. டாக்டர் பேச்ச நான் அப்படியே கேட்டேன்த்தா.

போன வாரம் ஒருவழியாப் பேசி முடிச்சு சாமி சாட்டுனாக. முளை போட்டோம். பத்தி எரியுற வெயில், அந்த ரூமுல ஜன்னல் கெடையாது, சாக்கு வேற கட்டியிருக்கு. இவதான் தண்ணி தெளிக்கணும். ஒரு நாளு தெளிக்கப் போனவள ரொம்ப நேரமாக் காணோம். போயிப் பாத்தா முளைக்கு முன்னாடி உக்காந்திருக்கா. வெளிச்சம் படாம வளருறதுல்ல, வெளுத்துப் போயி மஞ்சளா நிக்கும். அத்தே, இதுக்கு எப்ப வெளிச்சம் காட்டுவீகன்னு கேட்டா. தூக்குற அன்னைக்குத்தான்டின்னேன். தூக்குன ஒடனே தண்ணியில கரைச்சிருவீகள்லன்னா. ஆமா, அதுதான வழக்கம்னேன். தண்ணியத் தெளிச்சுட்டு எந்திரிச்சுட்டா. முளை இந்த வருசம் நல்லா வந்திருக்கு. ஊரே சொல்லுது, சோதி கை ராசின்னு.

நேத்து மத்தியானம், சொல்லவே வாய் கூசுது, கெணத்து மேட்டுல நின்னிருக்கா. சும்மா நிக்கிறவ எப்படி நிப்பான்னு தெரியாதா? பக்கத்துத் தோட்டத்துல மொளகா எடுத்துக்கிட்டு இருந்த பொம்பள பாத்துட்டு, ஓடிவந்து முந்தானையப் புடிச்சு இழுத்துப் போட்டுருக்கா. நான் போறப்ப சோதி மண்ணுல உக்காந்திருக்கா. கார்மேகம் அவ கால ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சுக்கிட்டு, சின்னப்புள்ள மாதிரி தேம்பித் தேம்பி அழுகுறான். அவ அவன் தலையத் தடவிக் குடுக்குறா. யாரு யாரத் தேத்துறதுன்னு தெரியல. எனக்கு அழுகையும் வரல. எனக்கு என்ன செய்யிறதுன்னு தெரியலத்தா. அம்புட்டுத்தான். கோடாங்கிகிட்டப் போயாச்சு, டாக்டர்கிட்டப் போயாச்சு, டிவிய ஊமையா வெச்சுப் பாத்தாச்சு, ஆத்தாளையும் வேண்டியாச்சு. இன்னும் ஒரு மனுசி என்னதான் செய்ய முடியும்?

அதான் இன்னைக்கு ஆஸ்பத்திரி. கார்மேகம் காப்புக் கட்டியிருக்கான், கட்டுனவுக ஊர் எல்லையத் தாண்டக்கூடாது. நான் தாலி இல்லாதவ, எனக்குக் காப்புக் கெடையாது, அதனால நான் கூட்டியாந்தேன். சோதிக்கும் கட்டியிருக்கு, பாரு, வளையல் இல்லாத கையில மஞ்சக் கயிறு மட்டும். உசுரு விசயம்னு ஊருல சொல்லி, பொழுது சாயுறதுக்குள்ள திரும்பி வந்துரணும்னு விட்டாக.

அங்க வேற டாக்டரு. சின்னப் பொண்ணுதான், உன் வயசு இருக்கும். நல்லாத்தான் கேட்டுச்சு. கடைசியா எப்பம்மா பீரியட்ஸ் வந்துச்சுன்னு இவகிட்ட கேட்டுச்சு. இவ என்னயப் பாத்தா. நான் முந்திக்கிட்டு, அதெல்லாம் ஒழுங்காத்தான் வருது டாக்டரம்மான்னுட்டேன். பின்ன? ரெண்டு மாசமா வரலைன்னா வயித்துல இருக்கோன்னு அந்த டெஸ்ட்டு, இந்த டெஸ்ட்டுன்னு உக்கார வெச்சிருவாக, பொழுது சாஞ்சிரும். வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறாகளான்னு கேட்டுச்சு. இல்லைன்னேன். இவ வாயத் தொறந்தா. கையப் புடிச்சு அழுத்துனேன், மூடிக்கிட்டா.

பொய்யா? இதுல என்னத்தா பொய்யி இருக்கு. அவுக நோவுக்குச் சாப்பிடுற மாத்திரையக் கேக்குறாக. இது நோவுக்கா? இது சாமிக்குப் போடுறது. தலையில பூ வெக்கிற மாதிரி, காப்புக் கட்டுற மாதிரி. இதப் போயி மருந்துன்னு சொல்லுவாகளா?

அந்தப் புள்ள பெட்டுல சேக்கணும்னுச்சு. கண்டிப்பா சேக்கணும், இவுகள வீட்டுக்கு அனுப்புறது சரியில்லன்னு மூணு தடவ சொல்லுச்சு. நான் கையக் காலப் புடிச்சு, செவ்வாக்கெழம பாரி கரைச்சதும் புதங்கெழம வெள்ளன வந்து நிக்கிறேன் தாயின்னு சொல்லி, கைநாட்டு வெச்சுக் குடுத்துட்டுக் கூட்டியாந்துட்டேன். இன்னும் கொஞ்ச நாளுதான. இம்புட்டு நாளு பொறுத்தவ, இன்னும் நாலு நாளு பொறுக்க மாட்டாளா? நான் அவள ஒரு நிமிசம் தனியா விடல. பொறவாசலுக்குப் போனாலும் கூடவே நிக்கிறேன். அதுக்குத்தான் மூச்சு முட்டுதுங்குறா.

நீ சொல்றது புரியாம இல்லத்தா. எழுத்து படிக்கத் தெரியாதே ஒழிய, நான் ஒண்ணும் முட்டாளு இல்ல. அது வந்தாத்தான் இவளுக்கு விடும்னா, நாமதான் அத வரவிடாமப் புடிச்சு வெச்சிருக்கோம்ங்குற. இவளும் அதத்தான சொன்னா. ராத்திரி படுத்தா எனக்கும் அது தோணாம இல்ல. ஆனா தோணி என்ன செய்ய? முளை நிக்கிது. காப்புக் கட்டியாச்சு. ஊரே எங்க வீட்டு வாசல்ல கும்மி கொட்டுது. இப்ப வந்துச்சுன்னா முளை கருகுன பழி அவ தலையில விழுகும். மழை பேயாட்டி அவளாலம்பாக. ஒரு மாடு செத்தாலும் அவளாலம்பாக. அந்தப் பேச்சுக்கு நடுவுல இவ உசுரோட இருப்பாளா? நீ படிச்சவ, நீயே சொல்லு. இப்படி இழுத்தா இங்க அறுக்குது, அப்படி இழுத்தா அங்க அறுக்குது. அவ சிரிச்சு நான் பாத்து ரெண்டு மாசமாச்சுத்தா. அந்தத் தெத்துப்பல்ல ஒருதடவ பாத்துட்டா எனக்குப் போதும்.

பாத்தியா, பேசிக்கிட்டே மில்லு ஸ்டாப்பு தாண்டிட்டோம். அடுத்தது எங்க விலக்குதான். அய்யய்யோ, மத்தியான மாத்திரைய மறந்தே போனேன். ஆஸ்பத்திரி அலைச்சல்ல புத்தி எங்க நிக்கிது. காலைலயும் இவ வாந்தி எடுத்தா, உள்ள போச்சோ போகலையோ. ஒரு வேள தப்புனாலும் வந்துரும்னு மெடிக்கல்காரரு சொல்லியிருக்காரு. சுருக்குப் பையில எங்க வெச்சேன். இந்தா இருக்கு. அட்டையில இது ஒண்ணுதான் மிச்சம், இனி நாளைக்கு டவுனுக்குப் போனாத்தான்.

இந்தா, புடி. நீதான பக்கத்துல இருக்க, மெதுவாத் தொட்டு எழுப்பிக் குடு. நான் தொட்டா அவளுக்குத் தூக்கிவாரிப் போடுது. வெளியாளு குடுத்தா பேசாம வாங்கி முழுங்கிருவா, மரியாதை தெரிஞ்ச புள்ள. தண்ணி பாட்டிலு இந்தா.

குடு தாயி. என்ன, என்னயவே பாக்குற. வண்டி நிக்கப் போகுது.

எதுக்கு இப்ப கைய மூடிக்கிட்ட? விளையாடாத தாயி, நான் அம்புட்டுச் சொல்லியும் உனக்குப் புரியலையா? எங்க ஊரு பாடு உனக்குத் தெரியாது. நீ எறங்கிப் போயிருவ, நாங்கதான் அங்க குடியிருக்கணும். கண்டக்டரு விசில் ஊதிட்டாரு பாரு. நல்லூரணி நாங்கதான்யா, வயசானவ, கொஞ்சம் நிப்பாட்டுங்க. கைய விரி தாயி. உன்னயக் கும்புடுறேன், அந்த ஒரு மாத்திரைய மட்டும் குடுத்துரு.

சோதி, முழிச்சுட்டியா? எந்திரி, எறங்கணும். இந்தப் புள்ள கையில உன் மாத்திரை இருக்கு, தரமாட்டேங்குது, நீயே கேட்டு வாங்கு. ஏண்டி, அது கையவே பாத்துக்கிட்டு நிக்கிற?

சோதி. நீ எதுக்குடி இப்ப சிரிக்கிற?